வைகுண்டராஜின் ஆட்டு வைத்தியம்

சின்னமனூரில் வைகுண்டராஜுக்குத் தெரியாத விஷயம் என்று ஒன்று கிடையாது. கேட்டால் அவனே சொல்வான். வாழைக்கு உரம் போடுவதிலிருந்து வானத்தில் ராக்கெட் விடுவது வரை எல்லாவற்றிலும் பாதி தெரியும். மீதியை வாயாலேயே சரிக்கட்டிவிடுவான். அந்த வாயோடு குடும்பம் நடத்துவது எப்பேர்ப்பட்ட தண்டனை என்பது அவன் பெண்டாட்டி மாயக்காளுக்குத்தான் தெரியும்.

இரண்டாயிரத்து மூன்றில் தேனியில் ஆடு வளர்ப்புப் பயிற்சி ஒன்று நடந்தது. குளிர் பட்டால் பிராணிகளுக்குக் கழுத்திலிருக்கும் தைராய்டு சுரப்பி வேகமாக வேலை செய்யும், உடம்புக்குள் அடுப்பு மூட்டினாற்போலச் சூடு உண்டாகும் என்று கால்நடை டாக்டரம்மா சொன்னார். நம் மகாராசன் வைகுண்டராஜ் கேட்டது அவ்வளவுதான். பிரியாணிப் பொட்டலம் கொடுக்கிறார்கள் என்றதும் முதல் ஆளாய் எழுந்து ஓடிவிட்டான். அந்த அடுப்பு மிஞ்சி எரிந்தால் அதில் கிளம்பும் நச்சே ஈரலையும் சதையையும் அரித்துவிடும் என்று அந்தம்மா சொன்னபோது, இவன் வெங்காயப் பச்சடிக்குச் சண்டை போட்டுக்கொண்டிருந்தான்.

மாசி பிறந்ததும் வீட்டு வெள்ளாடுகளை வேனில் ஏற்றி மேகமலைக்குக் கிளம்பினான். மேலே கறிக்கு நல்ல கிராக்கியாம். போகிற போக்கில் மாயக்காளின் தைராய்டு மாத்திரைப் புட்டியையும், டாக்டர் எழுதிக்கொடுத்த சீட்டையும் எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

“ஏங்க, ஒருநா கூட விடக்கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காக.”

“அடி கூறுகெட்டவளே, இங்கன அடிக்கிற வெயிலுக்கு உனக்கெதுக்குடி சூடு? மேல குளிர்ல நிக்கிற சீவனுக்குத்தான் வேணும். விஞ்ஞானம் தெரியாமப் பேசாத.”

புட்டி தீரத் தீர அந்தச் சீட்டைக் காட்டியே வாங்கிப் போனான். சித்திரையில் ஊரே வெந்துகொண்டிருக்க, மாயக்காள் முகம் வீங்கி, குரல் தடித்து, கம்பளிக்குள் கிடந்து நடுங்கினாள். மேலே ஆடுகள் குளிரில் நின்றுகொண்டு நாய் மாதிரி மூச்சிரைத்தன. தின்னத் தின்ன எலும்பாய்த் தேய்ந்தன. “சூடு ஏறிருச்சு, பாத்தீகளா!” என்று எஸ்டேட் ஆட்களிடம் பீற்றிக்கொண்டான் மடையன். ஒவ்வொன்றாய் எல்லாம் செத்தன. “ஆராய்ச்சின்னா நாலு சாகத்தான் செய்யும்” என்று கூச்சநாச்சமே இல்லாமல் இறங்கிவந்தான். தூ!

மாயக்காள் அடுப்படியில் மயங்கி விழுந்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனான். வரிசை வாசல்வரை நின்றது. டாக்டர் அவள் கழுத்தைத் தடவிப் பார்த்து, “மாத்திரைய ஏம்மா நிறுத்துன?” என்றார்.

வைகுண்டராஜ் தொண்டையைக் கனைத்தான். “அதுல பாத்தீகன்னா சார், ஒரு விஞ்ஞானம்...”

“ஆட்டுக்குக் குடுத்துட்டாக” என்றாள் மாயக்காள்.

“என்னம்மா?”

தடித்த குரலை இழுத்துப் பிடித்து, வாசல்வரை கேட்கும்படி சொன்னாள்: “எம் மாத்திரைய ஆட்டுக்குக் குடுத்துட்டாக சார், இந்தப் பெரிய மனுசன். ஆடும் செத்துப்போச்சு. இனிமே சீட்டை எங்கையில குடுங்க.”

டாக்டர் சீட்டை எழுதி அவள் கையில் கொடுத்தார். “நீ வெளிய போய் நில்லுய்யா” என்றார் அவனிடம்.

அவன் போனான். வரிசையில் நின்றவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். கடைசியில் நின்ற ஒருவன் மட்டும், “ம்மே...” என்றான்.