தோற்றவர் ஊரைவிட்டுப் போகவேண்டும்

அமெரிக்காவில் நான் ஒருநாளும் கால் வைத்ததில்லை. இருந்தும் அந்த நாட்டின் பழைய மல்யுத்தத்தில் யார், எங்கே, எந்தத் திகதியில், யாரோடு மோதினார்கள் என்று ஏழு கொப்பிகள் நிறைய எழுதி வைத்திருக்கிறேன். முடிவுகளை முன்கூட்டியே பேசி வைத்துத்தான் மோதினார்கள் என்பது எனக்குத் தெரியும்.

"முடிவே பொய். திகதி மட்டும் சரியா இருக்கவேணுமோ?" என்று மனைவி கேட்பா.

இருக்கவேண்டும் என்பதுதான் என் கட்சி.

அப்போது ஒரே கம்பனி நாடு முழுவதையும் பிடித்திருக்கவில்லை. ஒவ்வொரு வட்டாரத்துக்கும் ஒரு முதலாளி, ஒரு சாம்பியன், சனிக்கிழமையில் ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சி. இங்கே ராசாவாக இருப்பவரை அடுத்த வட்டாரத்தில் யாருக்கும் தெரியாது. 'தோற்றவர் ஊரைவிட்டுப் போகவேண்டும்' என்றொரு போட்டி வைப்பார்கள். தோற்றவர் உண்மையாகவே குடும்பத்தோடு பெட்டி கட்டிக்கொண்டு வேறு வட்டாரத்துக்குப் போய்விடுவார். ஆட்டம்தான் பொய், போவது மெய். நான் மயங்கியது அதில்தான்.

இதெல்லாம் எனக்கு வீடியோ கசெட்டில் வந்தது. நான் ஜெர்மனியில் அகதி விடுதியில் இருந்தபோது, அமெரிக்காவிலிருந்த என் மச்சான் நிகழ்ச்சிகளைப் பதிந்து, மேலே திகதி எழுதித் தபாலில் அனுப்புவார். நாடா மிச்சமாகட்டும் என்று விளம்பரங்களை வெட்டிவிடுவார். அமெரிக்கக் கசெட் ஐரோப்பிய மெஷினில் ஓடாது. அதை ஓட்டக்கூடிய மெஷின் ஒன்றை என் அறையில் இருந்த அண்ணை தேடி வாங்கினார். இப்போது அவரும் லண்டனில், நோர்பரியில் இருக்கிறார். மெஷினும் அவரிடம்தான் இருக்கிறது.

எங்கள் இருவருக்கும் பிடித்த மல்யுத்தக்காரர் ஒருவர், ஒரு கசெட்டில் நெற்றி பிளந்து தோற்று, ஊரைவிட்டுப் போனார். மூன்று கிழமை பிந்திய திகதியிட்ட இன்னொரு கசெட்டில் அதே வட்டாரத்தில் மோதிக்கொண்டிருந்தார். எனக்குப் பெரிய ஏமாற்றம். 'வாக்குத் தவறி மூன்று கிழமையில் திரும்பி வந்தார்' என்று கொப்பியில் எழுதினேன். லண்டன் வந்த பிறகு எல்லாவற்றையும் தட்டச்சு செய்து ரசிகர்களின் இணையப் பக்கம் ஒன்றுக்குக் கொடுத்தேன். அந்த வரியைப் பலர் எடுத்துப் போட்டார்கள். இன்று அவரைப் பற்றி எங்கே தேடினாலும் அது வரும்.

போன மாரியில் அந்த வரிக்குக் கீழே ஒரு பெண் எழுதியிருந்தார். அவருடைய மகளாம். "அப்பா இறந்துவிட்டார். அவர் திரும்பிப் போகவில்லை. போட்டி முடிந்த கிழமையே நாங்கள் வீடு மாறினோம். நான் வருட நடுவில் பள்ளிக்கூடம் மாறினேன். அவரை ஏன் ஏமாற்றுக்காரர் என்கிறீர்கள்?"

இரண்டு கசெட்டுகளையும் எடுத்துக்கொண்டு நான் இருக்கும் குட்மேய்ஸிலிருந்து நோர்பரிக்கு ரயில் ஏறினேன். அண்ணை போட்டுக் காட்டினார். பிந்திய திகதியிட்ட கசெட்டில் அந்த நெற்றியில் ஒரு கீறல்கூட இல்லை. மூன்று கிழமையில் அப்படித் தழும்பில்லாமல் ஆறாது. மச்சானுக்குப் போன் எடுத்தேன்.

"அதோ? அது நான் பதிஞ்சதில்லை. வேலை செய்யிற இடத்திலை ஒருத்தன் தந்தது. அவன்ரை ஊர் நல்ல தூரம். நான் பிரதி எடுத்து அனுப்பினனான்."

அப்போதுதான் விளங்கியது. அக்காலத்தில் ஒரே நாடா தொலைக்காட்சி நிலையம் நிலையமாகப் பயணம் செய்யும். தூரத்துச் சிற்றூர்கள் பல கிழமை பிந்தித்தான் பார்க்கும். மச்சான் எழுதியது அங்கே ஒளிபரப்பான திகதி. நான் அதை மோதிய திகதி என்று எடுத்துக்கொண்டேன். அவர் திரும்பி வந்ததாக நான் எழுதிய மோதல், அவர் போவதற்கு முன் நடந்தது.

"எந்த ஊர் எண்டு ஞாபகம் இருக்கோ?"

"நீ விசரே? அவன்ரை பேரே எனக்கு ஞாபகம் இல்லை."

உள்ளூர் மண்டபத்தில் அடுத்து நடக்கவிருக்கும் மோதல்களின் அறிவிப்பு விளம்பரங்களோடு வரும். அது இருந்தால் ஊரும் நாளும் தெரிந்திருக்கும். மச்சான் வழக்கம்போல அதை வெட்டியிருந்தார்.

இணையப் பக்கத்தை நடத்துபவர்களுக்கு எல்லாவற்றையும் விளக்கி எழுதினேன். மரியாதையான பதில் வந்தது. மல்யுத்தத்தில் இரத்தமும் காயமும் ஆதாரமாகாதாம். பழைய பட்டியல் அந்தக் காலத்திலேயே எழுதப்பட்டது, இப்போதைய ஞாபகத்தைவிட அதுதான் நம்பத்தக்கதாம். அந்தப் பட்டியலை எழுதியவனே நான்தான் என்று திரும்ப எழுதினேன். அந்த உழைப்புக்கு நன்றி சொன்னார்கள்.

அண்ணை சிரித்தார். "ஐசே, நீர் உமக்கு எதிராச் சாட்சி சொல்லுறீர். ஆர் நம்புவினம்?"

"அந்தப் பிள்ளைக்கு என்ன சொல்லுறது அண்ணை?"

"உண்மையைச் சொல்லும். வேறை என்ன செய்ய ஏலும்?"

சொன்னேன். பிழை என்னுடையது, உங்கள் அப்பா வாக்குக் காத்தவர் என்று மகளுக்கு எழுதினேன். மறுநாளே பதில் வந்தது. "மிக்க நன்றி. என் பிள்ளைகள் தாத்தாவைத் தேடிப் பார்க்கிறார்கள். அந்த வரி எப்போது நீங்கும்?"

இன்னும் பதில் போடவில்லை. இன்று காலை பக்கத்தைத் திறந்தேன். வரி அப்படியே இருக்கிறது. அதற்கு ஆதாரமாகப் புதிதாக ஓர் அடிக்குறிப்பும் சேர்த்திருக்கிறார்கள். தட்டிப் பார்த்தேன். என்னிடமிருந்து எடுத்துப் போட்ட இன்னொரு பக்கத்துக்குப் போயிற்று.