ஜெனீனின் எண்

தலையில் கட்டு இல்லாவிட்டால் வலியும் இல்லை என்று எங்கள் ஊரில் முடிவு கட்டிவிட்டார்கள். எங்களோடு வேலை செய்யும் மிக், ஆட்டு மயிர் கத்தரிக்கும்போது முழங்காலை உடைத்துக்கொண்டான். ஆறு வீட்டிலிருந்து அவனுக்குச் சாப்பாடு போனது. மாவுக்கட்டில் கையெழுத்துப் போட ஆளாளுக்கு வரிசையில் நின்றார்கள். ஜெனீன் வீட்டுக்கு ஒரு தட்டு பிஸ்கட்கூடப் போகவில்லை. இதைச் சொல்லும்போதே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

ஜெனீன் டக்வெல் கம்பளி தரம் பிரிப்பவள். டார்லிங் ஆற்றோரக் கத்தரிப்புக் கொட்டகைகளில் இருபத்திரண்டு வருடமாக அதுதான் அவள் வேலை. மேசையில் விரித்த கம்பளியிலிருந்து ஒரு கொத்தை உருவி, காதருகே பிடித்துச் சுண்டுவாள். அந்தச் சத்தத்திலேயே அது அறுமா, தாங்குமா என்று சொல்லிவிடுவாள். அவளுக்கென்று கம்பளி வாரியம் கொடுத்த எண் ஒரு தகரத் தகட்டில் வெட்டியிருக்கும். தரம் பிரித்துக் கட்டிய பொதியில் அந்தத் தகட்டை வைத்துக் கறுப்பு மை அடிப்பாள். அந்த எண்ணைப் பார்த்தால் சிட்னியில் மறுபேச்சில்லாமல் வாங்குவார்கள். அவள் வேலை செய்யும் அதே கத்தரிப்புக் கூட்டத்துக்கு நான் பதினொரு வருடமாகச் சமைக்கிறேன். என் பெயர் மார்ஜ். ஆனால் எல்லோருக்கும் நான் 'குக்கி'தான்.

போன மார்ச்சில் ஒரு கிடா பட்டிக் கதவை முட்டித் தள்ளியது. கதவின் இரும்புச் சட்டம் ஜெனீனின் காதுக்கு மேலே அடித்தது. அப்படியே சரிந்தாள். கத்தரிக்கும் இயந்திரம் ஒன்றுகூட நிற்கவில்லை. எங்கள் ஒப்பந்தக்காரன் டாரில் குனிந்து பார்த்தான்.

"உசிரோடதானே இருக்க? அப்ப எழுந்திரு. மேசையில மலையாக் குவியுது."

கொட்டகைச் சமையலறையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தாள். பிறகு உள்ளே போய்ச் சாயங்கால மணி அடிக்கும்வரை தரம் பிரித்தாள்.

ஏழு மாதம் ஆகிவிட்டது. தகரக் கூரையில் வெயில் பட்டால் அவளுக்குக் கண் கூசி வயிற்றைப் புரட்டுகிறது. நாய் குரைத்தால் காதைப் பொத்திக்கொள்கிறாள். மூன்று வரி படிப்பதற்குள் எழுத்து நீந்துகிறது. 'கரண்டி' என்ற சொல் வராமல் கையால் கலக்கிக் காட்டிவிட்டு, அழுகிறாள். மருத்துவர் எடுத்த படத்தில் ஒன்றுமில்லையாம். ஒன்றுமில்லை என்று வந்ததுதான் தாமதம், ஊர் முழுக்க வைத்தியனாகிவிட்டது. கறுப்புக் கண்ணாடியும் தொப்பியுமாகக் கடைக்குப் போனால், "என்ன ஸ்டாரம்மா, எங்களுக்கெல்லாம் ஒரு கையெழுத்து கிடைக்குமா?" என்கிறார்கள். "பாக்க நல்லாத்தானே இருக்க" என்கிறார்கள். அந்த வார்த்தையைக் கேட்டாலே எனக்கு அறையத் தோன்றும்.

போன மாதம் வாரியத்திலிருந்து அவளுக்குக் கடிதம் வந்தது. அடிபட்ட அன்று மத்தியானம் அவள் கட்டிய ஆறு பொதிகளைச் சிட்னியில் பிரித்திருக்கிறார்கள். முதல் தரக் கம்பளிக்குள் வயிற்று மயிரும் கறை மயிரும் கலந்திருக்கின்றன. ஆறு பொதிகளின் மேலும் அவள் எண். இந்த மாதத்துக்குள் தகுந்த விளக்கம் வராவிட்டால் எண்ணை ரத்து செய்துவிடுவார்கள். எண் போனால் அதற்குப் பிறகு எந்தக் கொட்டகையிலும் அவளுக்கு இடமில்லை.

டாரில் வாரியத்துக்கு அனுப்ப ஒரு தாளோடு என் வீட்டுக்கு வந்தான். அன்று கொட்டகையில் விபத்து எதுவும் நடக்கவில்லை, ஜெனீன் நாள் முழுக்க நலமாகவே இருந்தாள் என்று எழுதியிருந்தது. கீழே ஏழு கையெழுத்து. மிக்குடையதும் இருந்தது.

"ஒரே ஒரு கையெழுத்து, குக்கி. எல்லாரும் போட்டாச்சு."

"அவ விழுந்ததை நீ பாக்கல?"

"தடுக்கி விழறதெல்லாம் விபத்தா? நான் தினம் விழறேன்."

"நீ விழறது சாராயக் கடை வாசல்ல. வெளிய போடா!"

அவன் போனதும் உட்கார்ந்து வாரியத்துக்கு நானே ஒரு கடிதம் எழுதினேன். கிடா, கதவு, அடி, டாரில் சொன்னது எல்லாம் எழுதினேன். கையெழுத்துப் போட்ட ஏழு பேரையும் பெயர் சொல்லிக் கிழித்தேன். மறுநாள் காலை ஜெனீனிடம் கொண்டுபோனேன். திரைச்சீலை இழுத்த அறையில் படுத்திருந்தாள். அவளால் படிக்க முடியாது என்பதால் மெதுவாக வாசித்துக் காட்டினேன்.

"நல்லா எழுதியிருக்க," என்றாள். "எனக்கு அந்த நாளே ஞாபகமில்ல. கதவு வந்தது மட்டும்தான். சமையலறையில என்ன ஆச்சு? யாரு என்னைத் திரும்ப உள்ள அனுப்புனது?"

கடிதத்தில் டாரில் என்றுதான் இருந்தது. ஊரையே திட்டித் தீர்த்த அந்தத் தாளை மடித்து மடியில் வைத்தேன்.

"நான்தான்," என்றேன். "டீ கலந்து குடுத்தேன். மூணு ஸ்பூன் சர்க்கரை போடுன்னு கேட்ட. போட்டேன். குடிச்சதும், ஒண்ணும் ஆகாது, போடீன்னு முதுகுல தட்டி அனுப்புனேன்."

"நான் சர்க்கரையே போட மாட்டேனே."

"தெரியும். பதினொரு வருஷமா உனக்கு டீ கலக்குறது நான்தானே."

அவள் என் பக்கம் திரும்பினாள். வெட்கத்தில் எனக்கு உடம்பெல்லாம் கூசியது.

"அப்ப உனக்கு அன்னிக்கே தெரிஞ்சிருக்கு."

"நீ வித்தியாசமா இருக்கியேன்னு நெனச்சேன். வேலை மணி அடிச்சிருச்சு. உன்கிட்ட எதுவும் கேக்கல."

"அதையும் எழுது, மார்ஜ். டாரிலோட சேத்து அவங்க எட்டுப் பேரு. நான் நிதானத்துல இல்லன்னு காட்ட எனக்கு வேற என்ன இருக்கு?"

அவள் சொன்னது சரிதான். அங்கேயே, அவள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, ஒரு வார்த்தை மழுப்பாமல் எழுதினேன். அவள் டீயில் சர்க்கரையே போட மாட்டாள் என்று எழுதினேன். கேட்டபோது தெரிந்தே போட்டேன், தெரிந்தே அனுப்பினேன் என்று எழுதினேன். மறுபடி வாசித்துக் காட்டிவிட்டுக் கையெழுத்துப் போட்டேன்.

"இன்னிக்கே தபால்ல போட்டுரு," என்றாள்.

சரி என்றேன். ஜன்னலோரம் இருந்த கெட்டிலைப் பார்த்து, ஏதாவது குடிக்கிறாயா என்று வழக்கம்போல் கேட்டேன்.

"உன் கையால வேண்டாம்," என்று சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.