நைனாவின் குரலும் நகராத திரையும்

செஞ்சியில் தையல் கடை வைத்திருக்கிறேன். அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம். போனில் இடமில்லாததால் நைனாவின் வீடியோக்களைக் கம்ப்யூட்டருக்கு மாற்றிவிட்டு, போனில் அழித்திருந்தேன். அவர் இறந்து காரியம் முடிந்த மறுநாள், அவர் முகம் பார்க்க ஆசைப்பட்டு கம்ப்யூட்டரைப் போட்டேன். அது ஹார்டு டிஸ்க்கில் பிழை இருக்கிறதா என்று தானே சோதிக்கத் தொடங்கி, பத்து சதவீதத்தில் நின்றுவிட்டது. மதியம்வரை நகரவில்லை. பொறுமையிழந்து சுவிட்சை அணைக்கப் போனேன்.

தம்பி என் கையைப் பிடித்துக்கொண்டான். "அணைக்காதக்கா! டிஸ்க் லைட்டு மினுக்குது பாரு, உள்ள வேலை நடக்குது. நடுவுல நிறுத்துனா இருக்கறதும் பூடும்."

சாயங்காலம்தான் சோதனை முடிந்தது. பல வீடியோக்கள் திறக்கவே இல்லை. திறந்த ஒன்றில் நைனா, "சாப்டியாம்மா?" என்று கேட்டார். இருவரும் அழுதுவிட்டோம்.

இப்போதெல்லாம் வேறோர் இடத்தில் நகல் எடுக்காமல் எதையும் அழிப்பதில்லை. சோதனை நின்றதுபோலத் தெரிந்தாலும், அந்த விளக்கு மினுக்கிக்கொண்டிருக்கும்வரை சுவிட்சைத் தொடுவதில்லை.