வீடு வந்து சேர்ந்த புள்ளி

எனக்குப் பயம் அதிகம். எங்கள் தங்கச் சுரங்க ஊரான சாம்பியன் ரீப்ஸில் எந்தப் பெண்ணுக்குத்தான் அது குறைவு? சுரங்கம் ஓடிய காலத்தில், ஷிப்ட் முடிந்து அப்பா மேலே வரும் வரை என் அம்மாவுக்குச் சோறு இறங்காது. சுரங்கத்தை மூடி எத்தனையோ காலமாகிவிட்டது. இப்போது ஆண்கள் விடியும் முன்பே ரயிலேறி பெங்களூருக்குப் போய், சாயங்காலம் படிக்கட்டில் தொங்கிக்கொண்டு திரும்புகிறார்கள். என் வீட்டுக்காரரும் அப்படித்தான்.

அவருடைய போன் எங்கே இருக்கிறது என்று என் போனில் தெரியும்படி வைத்திருந்தோம். மேப்பில் அவர் ஒரு நீலப் புள்ளி. மாலூர், டேக்கல், பங்காருபேட்டை என்று அது ஊர்ந்து வருவதைப் பார்த்தால்தான் எனக்கு மூச்சே வரும். "என்னைப் பாத்ததவிட அந்தப் புள்ளியத்தான் நீ அதிகமா பாத்துக்கீற" என்று கிண்டல் செய்வார்.

பங்காருபேட்டையில் கண் தெரியாத ஒரு பெண் பத்தாவது படிக்கிறாள். அவளுடைய பாடங்களை வாசித்து, போனில் பதிவு செய்து அனுப்புகிறேன். கன்னடத்தில் வாசிப்பேன், சிக்கலான இடத்தைத் தமிழில் விளக்குவேன். சம்பளமெல்லாம் கிடையாது. ஆனாலும் நான் உருப்படியாகச் செய்கிற வேலை என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன். இதற்காக எல்லா குரூப்பிலிருந்தும் வெளியே வந்தேன். என் நாத்தனார் ஒரு மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை. பேசாவிட்டால் போகட்டும்! மெசேஜ் சத்தத்தையும் நிறுத்திவிட்டேன். புள்ளியை மட்டும் விட முடியவில்லை. இரண்டு வரி வாசிப்பேன், மேப்பைப் பார்ப்பேன், மறுபடி வாசிப்பேன். அவளுக்குப் போய்ச் சேர்வது குரல்தானே, என் கண் எங்கே போனால் யாருக்குத் தெரியப்போகிறது என்று நினைத்திருந்தேன்.

மறுநாள் அவளுக்குச் சமூக அறிவியல் பரீட்சை. அன்று சாயங்காலம் இரண்டு பாடங்கள் மிச்சமிருந்தன. முதல் பாடத்தை வாசிக்க வாசிக்க, புள்ளி சமர்த்தாக நகர்ந்து வந்தது. கோரமண்டல், உரிகம், அப்புறம் எங்கள் ஸ்டேஷன். பாடம் முடிந்தபோது அது எங்கள் லைன் வீட்டு வரிசைக்குள்ளேயே வந்துவிட்டது. டீக்குத் தண்ணீர் வைத்துவிட்டுக் கதவைத் திறந்தேன்.

எதிர்வீட்டு அண்ணன் நின்றிருந்தார். அவரும் தினமும் அதே ரயிலில் போய் வருகிறவர். கையில் என் வீட்டுக்காரருடைய பை.

"இன்னாம்மா, அவன் இன்னும் வர்லியா?"

எங்கள் ஊர் ரயில்காரர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. பெங்களூர் கிருஷ்ணராஜபுரத்தில் வண்டி வரும்போதே நெரிசலாக இருக்கும். பையோடு ஏற முடியாது. அதனால் உள்ளே உட்கார்ந்திருக்கிற நம்ம ஊர் ஆளிடம் ஜன்னல் வழியாகப் பையைக் கொடுத்துவிட்டு, வெறுங்கையோடு கதவுக்கு ஓடுவார்கள். ஜேப்படிக்குப் பயந்து போனையும் பையிலேயே போட்டுவிடுவார்கள்.

"ஜன்னல்ல பைய குடுத்தான். பின்னாடி பெட்டில தொங்கினு வருவான்னு நெனச்சேன். எறங்கிப் பாத்தா ஆளக் காணோம்" என்றார். அவர் முகமும் வெளிறியிருந்தது. "நீ பயப்படாத, நான் ஸ்டேஷன்ல விசாரிச்சினு வரேன்" என்று பையை என் கையில் கொடுத்துவிட்டு ஓடினார்.

பயப்படாமல் எப்படி? ஓடுகிற வண்டியில் தாவியிருப்பார், கை வழுக்கியிருக்கும். மாலூருக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா, எந்த இருட்டில் கிடக்கிறாரோ! நான் பாட்டுக்குப் புள்ளியைப் பார்த்துக்கொண்டு நிம்மதியாகப் பாடம் வாசித்திருக்கிறேன். டீத்தண்ணீர் கொதித்துச் சுண்டியது. அடுப்பை அணைக்கக்கூடத் தோன்றவில்லை.

பைக்குள் போன் அடித்தது.

எடுத்துப் பார்த்தேன். தெரியாத நம்பர். ரயில்வே போலீஸ்தான் என்று முடிவே செய்துவிட்டேன். பேசாதவரை அவர் உயிரோடு இருக்கிறார், பேசிவிட்டால் என்ன ஆகுமோ என்று போனைப் பிடித்தபடி நின்றேன். அது அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தது. மாரியாத்தா என்று பச்சைப் பட்டனைத் தள்ளினேன்.

"நான்தான்" என்றார்.

போன உயிர் திரும்பி வந்தது. வந்த வேகத்தில் கோபமும் வந்தது. "எங்க கீற நீ? என் போனுக்குப் பண்ணத் தெரியாதா?"

"ஏறவே முடியல, வண்டி பூட்ச்சி. இங்க டீக்கடைக்காரர் போன்லேர்ந்து பேசறேன். அப்பலேர்ந்து அடிக்கறேன், ரயில் சத்தத்துல யாருக்கும் கேக்கல போலக்கீது. உன் நம்பர் ஞாபகம் வந்தாத்தானே? என் நம்பர் ஒண்ணுதான் மனப்பாடம். அடுத்த வண்டிய புடிச்சு வரேன்."

வைத்துவிட்டார். அடுத்த வண்டியிலும் படிக்கட்டில்தான் தொங்குவார். கையில் போன் இல்லை. மாலூர் தாண்டினாரா, டேக்கல் தாண்டினாரா, ஒன்றும் தெரியாது. அவருடைய புள்ளி என் வீட்டுக்குள்ளேயே அசையாமல் நின்றது.

இன்னொரு பாடம் பாக்கி இருந்தது. அந்தப் பெண் காத்துக்கொண்டிருப்பாள். புத்தகத்தைத் திறந்து வாசிக்க உட்கார்ந்தேன். வங்கிகள், கணக்கின் வகைகள். பார்ப்பதற்கு வேறு எதுவும் இல்லாததால் எழுத்தையே பார்த்தேன். ஒவ்வொரு வரியையும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு அடுத்ததற்குப் போனேன். குரல் நடுங்கியது. அப்படியே அனுப்பினேன். ராத்திரி வெகுநேரம் கழித்து அவர் வந்தார். சட்டை கசங்கியிருந்தது, மற்றபடி ஒரு கீறல் இல்லை. பிடித்து உட்காரவைத்து, வாய் வலிக்கும் வரை திட்டினேன்.

மறுநாள் பரீட்சை முடிந்ததும் அந்தப் பெண் கூப்பிட்டாள்.

"அக்கா, பேங்க் பாடம் அப்பிடியே வந்துச்சு. நேத்து உங்க வீட்ல இன்னா ஆச்சு? சேவிங்ஸ் அக்கவுண்டுக்குப் போயி யாராச்சும் அப்பிடி நடுங்குவாங்களா?"

சிரித்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை.

"ஆனா நேத்து அந்தப் பாடத்துல நீங்க எங்கியும் போவல அக்கா."

"எங்கியும் போவலன்னா?"

"எப்பவும் ரெண்டு வரிக்கு ஒருதபா எங்கியோ பூடுவீங்க. குரல் மட்டும் படிச்சினு இருக்கும், நீங்க இருக்க மாட்டீங்க. எனக்குத் தெரியும். பயமா இருக்கும்க்கா, பாதில வுட்டுட்டுப் போயிடுவீங்களோன்னு."