இன்டிஸ்பென்சபிள் என்று தட்டிய நாள்

யாராவது பக்கத்தில் நகச்சாயம் பூசினால் போதும், ஸ்டென்சில் தாளில் பிழை திருத்துகிற சிவப்பு மை மணக்கத் தொடங்கிவிடும். கூடவே துடியலூர்ப் பக்கத்து நூல் மில்லும் வந்துவிடும். ஜன்னலில் பஞ்சுத் தூசி மிதக்கும். கீழே ஸ்பின்னிங் ஓடும் சத்தம் மேஜை வழியாக முழங்கைக்கு ஏறும். தொண்ணூறுகளின் தொடக்கம். நான் ஆபீஸ் டைப்பிஸ்ட்.

எனக்கு அப்போது ஆங்கிலச் சொற்கள் மேல் மயக்கம். மேனேஜர் தமிழில் சொல்லுவார், நான் ஆங்கிலத்தில் தட்டுவேன். நடுவில் எனக்குப் பிடித்த சொல் ஒன்று ஏறி உட்கார்ந்துகொள்ளும். வருஷ ரிப்போர்ட்டில், டெஸ்டிங் லேப் சரஸ்வதியக்காவைப் பற்றி, "நல்லா வேலை செய்யறாங்கன்னு போடுங்க தம்பி" என்றார். 'குட்' என்று தட்ட விரல் வரவில்லை. நூலை உருட்டிப் பார்த்தே அதன் கவுன்ட்டை, எத்தனை சன்னம் என்கிற கணக்கை, சொல்லும் கை அது. 'இன்டிஸ்பென்சபிள்' என்று தட்டினேன். அவர் இல்லாமல் ஆகாது என்று அர்த்தம். மேனேஜர் படித்துத் தலையாட்டிக் கையெழுத்துப் போட்டார்.

அக்காவின் சின்னஞ்சிறு மகள் கோபியில், அக்காவின் மாமியாரிடம் வளர்ந்தாள். ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் பார்க்க முடியும். கோபியிலிருந்த எங்கள் இன்னொரு மில்லில் லேபுக்கு ஆள் தேவைப்பட, அக்கா மாறுதல் கேட்டார். மகளை ஒன்றாம் வகுப்பில் தன் கையாலேயே சேர்க்க வேண்டும்.

மேனேஜர் ரிப்போர்ட்டை எடுத்துக் காட்டினார்.

"ஏனுங்கம்மணி, நீங்க இல்லாம ஆகாதுன்னு ஹெட் ஆபீசுக்கே எழுதிப்போட்டோம். இப்ப அனுப்பறோம்னா சிரிக்க மாட்டாங்களா?"

"அது நான் சேர்த்த வார்த்தைங்க சார்" என்றேன்.

"கையெழுத்து என்னுதுங்க தம்பி."

அக்கா என் மேஜைக்கு வந்தார். அர்த்தம் கேட்டார். சொன்னேன்.

"உப்புக்கு எழுதுங்க, தண்ணிக்கு எழுதுங்க. புள்ள பெத்தவளுக்கு எழுதலாமுங்களா?"

அடுத்த ஒரு மாதம், லேபில் இருந்த இரண்டு பெண்களுக்குத் தன் கைவேலை முழுவதையும் சொல்லிக்கொடுத்தார். பிறகு ஒரு வாரம் லீவு கேட்டார். "நானில்லாம ஓடுதான்னு பாருங்க சார்."

கவுன்ட் தப்பினால் மெஷினை நிறுத்தியாக வேண்டும். அந்த வாரம் பூராவும் காதைக் கீழே வைத்துக்கொண்டே தட்டினேன். சத்தம் வாய்க்கால் தண்ணீர் மாதிரி ஓடிக்கொண்டே இருந்தது. கடைசி நாள் மேனேஜர் சொல்லச் சொல்லத் தட்டினேன்: அனுப்பலாம், ஆட்சேபணை இல்லை. என் சொல் ஒன்றுகூட அதில் இல்லை.

இப்போது ஆபீசில் எழுதுகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். ஒருவரைப் பற்றிப் பெரிய சொல் போடுமுன், அதைச் சுமந்துகொண்டு அவரால் கதவைத் தாண்ட முடியுமா என்று பாருங்கள்.

பள்ளிக்கூடம் திறக்க நாலு நாள் இருந்தது. காந்திபுரத்தில் கோபி பஸ்ஸில் பையை ஏற்றிக் கொடுத்தேன். அக்கா ஜன்னலோரம் உட்கார்ந்தார்.

"ஏனுங்க தம்பி, அந்த வாரத்துல மெஷின் ஒருக்காகூட நிக்கலீங்களா?"

"நிக்கலீங்கக்கா."

பஸ் நகர்ந்தது. அக்கா சிரித்துக்கொண்டே எட்டிப் பார்த்தார்.

"ஒரு அரை மணி நேரமாச்சும் நின்னிருக்கலாமுங்க."