அவருக்கு வாசித்துக் காட்டிய நிரல்

ரப்பர் வாத்து ஒன்று வாங்கி மேசையில் வைத்துக்கொள்ளுங்கள் என்று ஆன்லைன் வகுப்பில் எங்களுக்கு வழிகாட்டும் மென்டர் சொன்னபோது, திரையில் சின்னச் சின்னக் கட்டங்களுக்குள் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தப் பெண்ணின் மேல் எனக்கு ஏற்கெனவே கொஞ்சம் கடுப்பு. என் வயதில் பாதிதான் இருப்பாள். பெங்களூர் பிரேசர் டவுன் பள்ளியில் வருஷக்கணக்காக கெமிஸ்ட்ரி சொல்லிக்கொடுத்த எனக்கு அவள் தினமும் காலையில் லேப்டாப்பில் வந்து நிரல் எழுதக் கற்றுக்கொடுத்தாள். டீச்சராக இருந்துவிட்டு மாணவியாக உட்காருவது எவ்வளவு கஷ்டம் என்று உட்கார்ந்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். தப்பாகப் பதில் சொல்லும் பிள்ளைகளை நான் பார்த்த பார்வை எல்லாம் அப்போது ஞாபகத்துக்கு வந்தது.

வாத்து சமாச்சாரம் இதுதான். எழுதிய நிரல் ஓடாமல் நின்றுவிடும். பிழை எங்கே இருக்கிறது என்று எத்தனை முறை பார்த்தாலும் கண்ணுக்குத் தெரியாது. அப்போது வாத்தை எதிரே வைத்து, ஒன்றும் தெரியாதவருக்குச் சொல்வதுபோல ஒவ்வொரு வரியாக வாய்விட்டு வாசித்து, இந்த வரி என்ன செய்கிறது என்று விளக்க வேண்டும். பாதி சொல்லும்போதே பிழை நமக்கே பிடிபட்டுவிடும். மென்பொருள்காரர்கள் எல்லா ஊரிலும் செய்கிற காரியமாம்.

"வாத்து இல்லன்னா பரவால்ல மேம், வீட்ல யாராவது இருந்தா அவங்ககிட்ட சொல்லுங்க. அவங்களுக்குப் புரியணும்னு அவசியமே இல்ல, கேட்டா போதும்," என்றாள்.

எங்கள் வீட்டில் யாராவது என்றால் என் கணவர்தான். பிள்ளைகள் இல்லை. காக்ஸ் டவுனில் மாடி வீடு, இரண்டு அறை. ஜன்னல் ஓர நாற்காலியில் அவர் உட்கார்ந்திருப்பார். அவருக்கு ஸ்ட்ரோக் வந்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. வலது கையும் பேச்சும் போய்விட்டன. பேச்சு என்றால் ஒரு வார்த்தை, இரண்டு வார்த்தை மிச்சம் இருக்கிறது என்பதில்லை, 'ம்' என்கிற சத்தம்கூட வராது. ஊட்டினால் சாப்பிடுவார். என்னைப் பார்த்தால் முகத்தின் ஒரு பக்கம் சிரிக்கும்.

இதில் வேடிக்கை என்னவென்றால், மென்பொருள்காரர் அவர்தான். கோலார் தங்கவயலில் சுரங்கத் தொழிலாளி வீட்டில் பிறந்து, ரயிலிலேயே தினமும் பெங்களூருக்கு வந்து படித்து, வேலைக்குச் சேர்ந்து, கடைசியில் ஒரு குழுவுக்கே தலைவராக இருந்தவர். நானோ அவர் என்ன வேலை செய்கிறார் என்று சரியாகத் தெரிந்துகொள்ளாமலேயே குடும்பம் நடத்தியவள். என்ன எழுதுகிறீர்கள் என்று கேட்டால், உனக்குப் புரியாது என்று சொல்ல மாட்டார். அதைவிட மோசம், எனக்குப் புரிகிற மாதிரி விளக்க ஆரம்பித்துவிடுவார். அடுப்பில் ஏதோ இருக்கிறது என்று நான் எழுந்து போய்விடுவேன். அடுப்பில் ஒன்றும் இருக்காது என்று அவருக்கும் தெரியும்.

அவரைத் தனியாக விட்டுவிட்டுப் பள்ளிக்குப் போக முடியவில்லை. வீட்டிலிருந்தே செய்கிற வேலை ஏதாவது வேண்டும். அவருடைய பழைய சகா ஒருவர்தான் இந்த ஆன்லைன் பூட்கேம்ப்பைப் பற்றிச் சொன்னார். ஆறு மாதப் படிப்பு, முடித்தால் வேலைக்கு முயற்சி செய்யலாம் என்றார். சேர்ந்தேன். என் கணவர் உட்கார்ந்து வேலை செய்த அதே மேசை, அதே லேப்டாப்.

ஆனால் எனக்கு உண்மையில் தெரிய வேண்டியிருந்தது வேறு ஒன்று. இந்த மனிதர் உள்ளே இருக்கிறாரா இல்லையா? நான் பேசுவது புரிந்து, பதில் சொல்ல முடியாமல் தவிக்கிறாரா, அல்லது அந்தத் தவிப்பும் இல்லாமல் போய்விட்டதா? பேச்சுப் பயிற்சி கொடுக்கும் டாக்டரிடம் ஒவ்வொரு முறையும் கேட்பேன். "ஈகலே ஹேளக்காகல்லா மேடம்," என்பார், இப்போதே சொல்ல முடியாது என்று. பிறகு "மாத்தாட்தா இரி" என்பார். பேசிக்கொண்டே இருங்கள் என்பதைத் தவிர அவரிடம் வேறு மருந்து இருக்கவில்லை.

என்ன பேசுவது? நான் இயல்பிலேயே அதிகம் பேசுகிறவள் இல்லை. இட்லி மெத்தென்று இருக்கிறதா, வெயில் அதிகமாக இருக்கிறதா என்பதோடு என் சரக்கு தீர்ந்துவிடும். அதனால் வாத்து வேண்டும் என்று அந்தப் பெண் சொன்னதும், மறுநாள் மத்தியானமே லேப்டாப்பை எடுத்துக்கொண்டு போய் அவர் எதிரே முக்காலியில் உட்கார்ந்துவிட்டேன். வாத்துக்குச் சமமாக இவரை வைக்கிறோமே என்று நெஞ்சு சுருக்கென்றது. அதைத் தள்ளிவைத்துவிட்டு வாசிக்கத் தொடங்கினேன்.

பெயர்ப் பட்டியல் ஒன்றை வரிசையாகத் திரையில் காட்டும் சின்ன நிரல் அது. "இங்க எண்ணிக்கை பூஜ்யத்துல ஆரம்பிக்குதுங்க. பேரு இருக்கிற வரைக்கும் ஒண்ணு ஒண்ணா கூட்டிட்டே போகுது. இங்க... இருங்க, இது வந்து..." என்று இழுத்தேன். அவருடைய இடது கை விரல் நாற்காலியின் கைப்பிடியை இரண்டு தட்டுத் தட்டியது.

அந்தத் தட்டு எனக்குத் தெரியும். வீட்டிலிருந்து வேலை செய்த காலத்தில், புதிதாகச் சேர்ந்த பையன்கள் எழுதியதைத் திரையில் பார்த்துக்கொண்டே வருவார். தப்பு கண்ணில் பட்டால் மேசையை இரண்டு தட்டுத் தட்டுவார். சமையலறையில் இருக்கும் எனக்கே கேட்கும். யாரோ ஒரு பையன் மாட்டிக்கொண்டான் என்று நினைத்துக்கொள்வேன்.

அவர் தட்டிய வரியைப் பார்த்தேன். அங்கேதான் பிழை இருந்தது. பட்டியலில் ஐந்து பெயர் இருந்தால், இல்லாத ஆறாவது பெயரைத் தேடிப் போகும்படி எழுதிவைத்திருந்தேன். ஒரே ஒரு குறியை எடுத்ததும் நிரல் ஓடியது. நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "தெரியுதா உங்களுக்கு? தெரியுதா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டேன். ஒரு பக்கம் சிரித்தார்.

அதற்குப் பிறகு வந்த மாதங்களை எப்படிச் சொல்வது? கல்யாணமான புதிதில்கூட அவரோடு நான் அவ்வளவு பேசியதில்லை. மத்தியானம் கஞ்சி கொடுத்து, வாய் துடைத்துவிட்டு, முக்காலியை இழுத்துப் போட்டுக்கொள்வேன். ஜன்னலுக்குக் கீழே ஸ்கூட்டர்களின் சத்தம், அவ்வப்போது தண்டவாளத்தில் ரயில் போகும் சத்தம், நடுவில் நான் வாசித்துக்கொண்டிருப்பேன். தட்டுவார். பார்ப்பேன். பெரும்பாலும் அந்த இடத்திலோ அதற்கு முந்தைய வரியிலோ பிழை இருக்கும். இல்லாவிட்டால், இன்னும் நன்றாக எழுதலாம் என்கிறார் போல என்று எடுத்துக்கொள்வேன். வகுப்பில் மற்றவர்கள் மென்டரிடம் சந்தேகம் கேட்க வரிசையில் நிற்க, நான் மட்டும் நிற்பதில்லை. எனக்கு வீட்டிலேயே ஆள் இருக்கிறது என்று ஒரு திமிர்.

மாதம் ஒரு முறை என் நாத்தனார் தங்கவயலிலிருந்து ரயில் ஏறி கன்டோன்மென்ட் ஸ்டேஷனில் இறங்கி வருவார். என் கணவரின் அக்கா. தம்பியின் தலையைத் தடவிக்கொண்டே ஜெபம் பண்ணிவிட்டு, எனக்குப் புத்தி சொல்லிவிட்டுப் போவார். நான் அவரிடம் தட்டும் விஷயத்தைச் சொன்னேன். சொல்லாமல் இருந்திருக்கலாம்.

"நான்தான் அப்பவே சொன்னனே. அவனுக்கு எல்லாம் புரியுது, வாய் தான் வரல. டாக்டருக்கு இன்னா தெரியும்?" என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "திரும்பி வேலைக்குப் பூடுவான் பாரு நீ," என்றார்.

"அவ்ளோ தூரம் தெரியல அண்ணி. ஆனா தப்பு கண்டுபிடிக்கிறாரு."

"அதுக்கு மேல இன்னாம்மா வேணும்?"

அடுத்த ஞாயிற்றுக்கிழமை தங்கவயல் சபையில் ஆராதனை முடிகிற நேரத்தில் எழுந்து நின்று சாட்சி சொல்லிவிட்டார். கர்த்தர் செய்த நன்மைகளை எல்லார் முன்னாலும் சொல்வது அங்கே வழக்கம். படுத்துக் கிடந்த என் தம்பி இப்போது கம்ப்யூட்டரில் தப்பு கண்டுபிடிக்கிறான் என்று சொன்னாராம். சபையே அல்லேலூயா சொன்னதாம். போனில் கேட்டபோது சங்கடமாக இருந்தாலும் உள்ளுக்குள் எனக்கும் குளிர்ந்தது. பொய்யில்லையே, உண்மையைத்தானே சொன்னார் என்று நினைத்துக்கொண்டேன்.

படிப்பு முடிகிற சமயத்தில் ஆளுக்கு ஒரு செயலி செய்துகாட்ட வேண்டும். நான் பள்ளிப் பிள்ளைகளுக்காக வேதியியல் வினாடி வினா ஒன்று செய்தேன். கெமிஸ்ட்ரி எனக்குச் சொந்த ஊர் மாதிரி, தெரியாத மூலை இல்லை. அதனால் கைகள் வேகமாக ஓடின. முழு நிரலையும் அவருக்கு வாசித்துக் காட்டினேன். ஒரு தட்டுக்கூட இல்லை. மென்டர், "யார்கிட்டயாவது ரிவ்யூ பண்ணீங்களா மேம்?" என்று கேட்டாள். "என் வீட்டுக்காரர் முழுசா பார்த்துட்டாரு," என்றேன்.

எல்லோர் முன்னாலும் செயலியைத் திறந்து, சோடியத்தின் குறியீடு என்ன என்ற கேள்விக்குச் சரியான விடையைத் தொட்டேன். தவறு என்று சிவப்பாக வந்தது. வேண்டுமென்றே தப்பான விடையைத் தொட்டுப் பார்த்தேன். சரி என்று பச்சையாக வந்தது. சரிபார்க்கும் வரியைத் தலைகீழாக எழுதியிருந்தேன். மென்டர் ஒரு பார்வையில் கண்டுபிடித்து, "சின்ன மிஸ்டேக்தான் மேம், எல்லாருக்கும் வர்றதுதான்," என்றாள். சின்னதுதான். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் அவர் கண்டுபிடிக்கக்கூடிய அளவுக்குச் சின்னது. நான் தேறிவிட்டேன், அது ஒரு விஷயமே இல்லை. அன்று அவருக்குக் களைப்பாக இருந்திருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஆனால் மனசு ஒப்பவில்லை. பிழையை எப்படித் தேடினோம் என்று குரலோடு திரையைப் பதிவுசெய்து அனுப்ப வேண்டும் என்பது அந்தப் படிப்பில் ஒரு விதி. அந்தப் பதிவுகள் எல்லாம் லேப்டாப்பில் இருந்தன. மறுநாள் காலை அவர் தூங்கிக்கொண்டிருந்தபோது சமையலறையில் உட்கார்ந்து அவற்றை ஒவ்வொன்றாகக் கேட்டேன்.

என் குரலை நானே வெளியிலிருந்து கேட்பது அதுதான் முதல் தடவை. எவ்வளவு களைத்த குரல். பிழை இருக்கும் வரிக்குப் பக்கத்தில் வந்ததும் எனக்கே தெரியாமல் வேகம் குறைகிறது. ஏதோ இடிக்கிறது என்று என் மனசுக்கு முன்கூட்டியே தெரிந்திருக்கிறது. "இது வந்து... இருங்க..." என்று இழுக்கிறேன், பெருமூச்சு விடுகிறேன். உடனே இரண்டு தட்டு. இன்னொரு பதிவு, அதிலும் அப்படியே. ஒரு பதிவில் நடுவில் எழுந்து ஓடுகிறேன். பாத்திரம் வைக்கும் சத்தம். "ச்சே, பால் பொங்கிடுச்சு. எதுதான் ஒழுங்கா நடக்குது இந்த வீட்ல," என்று அலுத்துக்கொண்டே திரும்பி வருகிறேன். இரண்டு தட்டு. அங்கே நான் எந்த வரியையும் வாசிக்கவில்லை.

அப்படியும் நம்பாமல், மத்தியானம் முக்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். கன்னாபின்னாவென்று தப்பும் தவறுமாக நாலு வரி எழுதி, வகுப்பில் பாடம் நடத்துகிற மாதிரி உற்சாகமாக வாசித்தேன். அவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் அந்த ஒரு பக்கச் சிரிப்பு. கை அசையவில்லை. பிறகு, முதல் நாள் வகுப்பில் சொல்லிக்கொடுத்த வரி, வணக்கம் என்று திரையில் காட்டுகிற ஒரே வரி, அதில் பிழை இருக்கவே வழியில்லை, அதை அலுத்துப்போன குரலில் வாசித்துப் பெருமூச்சு விட்டேன். தட்டினார். என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இன்னொரு முறையும் தட்டினார்.

லேப்டாப்பை மூடிவிட்டேன். ஆஸ்பத்திரியில் நான் அழவில்லை. பேச்சு வராது என்று சொன்ன அன்றும் அழவில்லை, ஓட வேண்டிய வேலைகள் இருந்தன. இப்போதுதான் அந்த மனிதர் போய்விட்டார் என்று தெரிந்தது. தப்பு கண்டுபிடிக்கிறவர், விளக்கிச் சொல்லத் தொடங்கினால் நிறுத்தத் தெரியாதவர், அவர் போய் ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. அது தெரியாமல் நான் தினமும் மத்தியானம் அவருக்குப் பாடம் ஒப்பித்துக்கொண்டிருந்திருக்கிறேன். அடுப்பில் ஒன்றும் இல்லாதபோது எழுந்து போன நாட்களை எல்லாம் நினைத்து வாய்விட்டு அழுதேன்.

அவர் தட்டத் தொடங்கினார். இரண்டு தட்டு, மறுபடி இரண்டு தட்டு. நான் அழ அழ வேகமாகத் தட்டினார். உடம்பு முன்னால் சாய்ந்தது, கழுத்து நரம்பு புடைத்தது, கண்கள் என் முகத்தை விட்டு நகரவில்லை. விரல் நுனி சிவந்துவிட்டது. அவருக்கு மிச்சம் இருப்பது அந்த ஒரு கைதான். நான் அழுகிற வரைக்கும் அது நிற்காது என்று புரிந்தது.

முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுகையை நிறுத்தினேன். "ஒண்ணுமில்லங்க, சரியாப் போச்சு," என்று முடிந்த அளவுக்கு நல்ல குரலில் சொன்னேன். விரல் மெல்ல ஓய்ந்தது. அவர் நாற்காலியில் சாய்ந்து, மூச்சு வாங்கிக்கொண்டு, ஒரு பக்கமாகச் சிரித்தார்.