தானாக நகர்ந்த விளக்கு

ஐந்தாவதோடு பள்ளிக்கூடம் என்னைக் கைகழுவிவிட்டது. பாவம், அதற்கும் ஒரு பொறுமைதானே! செல்போனில் டார்ச் வந்த புதிதில், கும்மிடிப்பூண்டியில் எல்இடி விளக்கு அட்டை செய்யும் கம்பெனியில் நான் காண்ட்ராக்ட் ஆள். குருணை அளவு விளக்கை இடுக்கியால் எடுத்து அட்டையில் வைத்து ஒட்டுவேன். அடுத்து ஒரு கேமரா மிஷின் விளக்கை எரியவிட்டுப் படம் பிடித்து, அது இருக்கும் இடத்தை எண்ணில் காட்டும். இடம் பிசகினால் சிவப்பு.

ஒரு வாரமாக என் அட்டைகள் பாதிக்கு மேல் சிவப்பு.

வெள்ளிக்கிழமை மிஷினுக்குக் கற்பூரம் காட்டும் பூசாரி நான்தான். மந்திரம் தெரியாது, மிஷின் பெயரையே ராகம் போட்டு இழுப்பேன். என்மேல் பழிபோட சூப்பர்வைசருக்கு அது போதுமானதாக இருந்தது.

"கேமரா கண்ணாடியில கற்பூரப் புகை ஏத்திக்கினு கீறடா. கேமரா கம்பெனி மேடம் வந்து தொடைப்பாங்க. அப்பவும் செவப்பு வந்துச்சு, எல்லாரு முன்னாடியும் 'என் கை கோணல்'னு சொல்லணும். இல்லாட்டி நாளைக்கு உனுக்கு கேட்டு தொறக்காது."

அந்த கேட் திறந்தால்தான் என் வீட்டில் அடுப்பு எரியும்.

மேடம் வந்தார். மருந்து ஊற்றிக் கண்ணாடியைத் துடைத்தார். மறுபடியும் சிவப்பு.

"சொல்லுடா" என்றார் சூப்பர்வைசர்.

"மாட்டேன் சார். என் மூஞ்சி கோணல், நடை கோணல். என் பொண்டாட்டிய கேட்டா இன்னும் நாலு சொல்லும். கை மட்டும் நேரு." இரண்டு கையையும் அக்குளில் செருகிக்கொண்டேன். "யாரும் தொடாதீங்க. அதே அட்டைய திரும்பத் திரும்பப் படம் புடிங்க."

அறிவு இல்லை, வெறும் வீம்பு. மேடம் பட்டனை அமுக்கினார். சிவப்பு. அமுக்கினார். பச்சை. மறுபடி சிவப்பு. தொடாத விளக்கு ஒவ்வொரு படத்திலும் வேறு இடத்தில் இருந்தது. பேய்தான் என்று நினைத்தேன்.

மேடம் திரையைத் தட்டிப் பார்த்துவிட்டு, "படம் புடிக்கிற நேரத்த யாரு இவ்ளோ கொறைச்சது?" என்றார்.

"அவுட்புட் வேணும்ல மேடம்..." சூப்பர்வைசர் குரல் இறங்கியது.

மேடம் அவர் பக்கம் திரும்பினார். "சார், வெளிச்சம் சொட்டுச் சொட்டாத்தான் வருது. கூரை ஓட்டையில ஒழுகுற தண்ணி காத்துல செதறி விழுதுன்னு வச்சுக்கோங்க. தரையில ரெண்டு சொட்டப் பாத்து ஓட்டை எங்கன்னு சொல்ல முடியுமா? நெறைய சொட்டு விழுந்தா நடுவுல எங்கன்னு தெரியும். கொஞ்ச நேரம் புடிச்சா கொஞ்ச சொட்டுதான். அதான் இடம் ஆடுது."

"அப்ப நேரத்த ஏத்துனா ஆட்டம் நின்னுடுமா?" என்றார் சூப்பர்வைசர்.

"கொறையும். சுத்தமா நிக்காது. எந்த நாட்டு லென்ஸ் போட்டாலும் ஒரு மீதி இருக்கும். வெளிச்சத்தோட கொணமே அது."

என் மூளைக்கு அந்தக் கடைசி வரி மட்டும் ஏறியது. போதாதா?

"சார், அந்த மீதி ஆட்டத்துக்கும் நான்தான் மன்னிப்பு கேக்கணுமா?"

வரிசையே சிரித்தது. "வாய மூடிக்கினு போய் ஒக்காருடா" என்றார் சூப்பர்வைசர்.

நான் நகரவில்லை. "நாளைக்கு கேட்டு?"

"தொறக்கும், போ."

"சத்தமா சொல்லுங்க சார். பின்னாடி கீற அக்காங்களுக்கு கேக்கலயாம்."

"தொறக்கும்டா!"

இந்த முறை வாசல் செக்யூரிட்டிக்கே கேட்டது.